தோலில்லாத பறை

அக்கா மகன் கேட்ட கேள்வியிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. “மாமா, இதுல தோலே கிடையாது. மாடு சாகல, எவனும் உரிக்கல, ஊறப் போடல. வெறும் கரண்டு. இப்ப இதுக்குச் சாதி உண்டா இல்லயா?”

அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அவன் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. பகலில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் வேலை. ராத்திரியானால் பிளைவுட் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். சிந்தசைசர் என்றதும் கச்சேரியில் வாசிக்கிற கீபோர்டைத்தான் நாம் நினைப்போம். இது அது இல்லை. கட்டையே கிடையாது. தனித்தனிப் பலகைகளாக இருக்கும். ஒன்று மின்னலையை உண்டாக்கும், அதற்கு ஆசிலேட்டர் என்று பேர். இன்னொன்று அந்த அலையிலிருந்து வேண்டாததை வடிகட்டும். மற்றொன்று ஓசை எவ்வளவு வேகத்தில் எழும்பி எப்படி அடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். எதை எதோடு சேர்ப்பது என்பது முன்கூட்டி முடிவானதல்ல. ஒயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் சொருகினால் வேறு ஓசை. இதை மாடுலர் என்கிறார்கள்.

இதில்தான் அவன் பறையைச் செய்தான். பதிவு செய்து போடவில்லை, அதை அவன் மதிப்பதே இல்லை. அடிக்குச்சியின் கனத்த அடிக்கு, சட்டென்று சுருதி இறங்கி அடங்கும் ஒரு தாழ்ந்த அலை. இடதுகைச் சிம்புக்குச்சியின் சுள்ளென்ற ஓசைக்கு, வானொலியில் ஸ்டேஷன் கிடைக்காதபோது வருமே ஒரு இரைச்சல், அதில் ஒரு கீற்று. இரண்டு பட்டன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எங்கள் தெரு.

எங்கப்பா நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சாவுக்கும் சாமிக்கும் அடித்தவர். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருசம் அதை விட்டார். இனி அடிக்க மாட்டோம் என்று தெருவே கூடி முடிவெடுத்தது. ஊர்க்காரர்கள் காட்டு வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள். ஆறு மாசம் அரைவயிறு. வேம்புச் சட்டத்தில் கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டிய அந்தத் தப்பட்டையை அப்பா உடைக்கவில்லை, எரிக்கவில்லை. கூரைச் சந்தில் சொருகி வைத்தார். எலி தின்று தீர்த்தது.

பையனின் கேள்விக்கு வருவோம். தீட்டு எங்கே இருக்கிறது? தோலில் இருக்கிறது என்றால் தோலை எடுத்துவிட்டால் தீட்டும் போக வேண்டும். மிருதங்கத்தைப் பாருங்கள். பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் அதில் இருக்கிறது. அது சபாவில் மேடையேறுகிறது, பூணூல் போட்ட தோளில் தொங்கி வீடு போகிறது. அதைச் செய்கிற தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ எழுதியபோது, அதை வெளியிடக் கொடுத்திருந்த அரங்க அனுமதியை 2020இல் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. மாட்டுத்தோலால் அவர்களுக்குத் தொந்தரவில்லை, அது மாட்டுத்தோல் என்று சொன்னதுதான் தொந்தரவு. ஆக, தீட்டு தோலில் இல்லை.

பின் எங்கே? அடிக்கிற கையிலா? மிருதங்கமும் கையால் அடிப்பதுதான். நான் யோசித்த வரையில் அது கூப்பிடுகிற குரலில் இருக்கிறது. மிருதங்கக்காரரிடம் தேதி கேட்கிறார்கள். எங்கப்பாவிடம் யாரும் கேட்டதில்லை. “டேய், பெரியவரு போயிட்டாரு, வந்து சேரு.” அவ்வளவுதான். மறுக்க முடியாத கூப்பாடு. 1927இல் மகாட்டில் செத்த மாட்டை இழுக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டபோது அம்பேத்கர் முறித்தது இந்தக் கூப்பாட்டைத்தான். செத்த மாட்டோடு அவருக்கு என்ன பகை?

எம்.ஏ. வகுப்பில் ஐந்திணைக்கும் ஐந்து பறை என்று கருப்பொருள் அட்டவணையை மனப்பாடம் செய்தோம். தொண்டகம், ஏறுகோள், கிணை, மீன்கோள், துடி. பறைதல் என்றால் சொல்லுதல் என்றும் படித்தோம். வெளியே பிணத்துக்கு முன்னால் அடித்துக்கொண்டு போனவனைப் பற்றி அந்த வகுப்பில் பேச்சே வரவில்லை. அது கெடக்கட்டும்.

இந்த எந்திரம் இந்தியாவுக்கு எப்படி வந்தது என்று பையன்தான் சொன்னான். பிறகு நானும் தேடிப் படித்தேன். 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்கிற அமெரிக்க இசைக்காரர் மோக் மாடுலர் சிந்தசைசர் ஒன்றை நிறுவிக் கொடுத்தார். ஐந்து இந்தியர்கள் அதில் இசை செய்தார்கள்: கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா. சில வருசத்தில் அந்த வேலை நின்றுபோயிற்று. நாடாக்கள் அங்கேயே ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. லண்டன் கலைஞர் பால் பர்கஸ் அவற்றைக் கண்டெடுத்தார். 2023இல் இசைத்தட்டாக வந்தது. ராகத்தைத் தேடுவதும் பறவைச் சத்தம்போலக் கீச்சிடுவதும் விண்வெளிபோல இரைவதுமாகப் போகிறது. எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கீதா சாராபாய் பக்வாஜ் வாசித்தவர். பெண் தொடக்கூடாது என்றிருந்த தோல்கருவி அது. அந்த மீறலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். மனதை அமைதிப்படுத்தி, தெய்வீகத்துக்கு அதைப் பக்குவப்படுத்துவதே இசையின் நோக்கம் என்று தன் குருவிடம் கேட்டதை அவர் கேஜிடம் சொல்ல, அது கேஜின் போக்கையே மாற்றியது. இங்கேதான் எனக்கு இடிக்கிறது. மனசு அமைதியாக வேண்டும் என்பது யாருடைய தேவை? பறை ஒருநாளும் மனசை அமைதிப்படுத்தியதில்லை. வெள்ளம் வருகிறது, பகை வருகிறது, செத்துப்போனான் என்று சொன்னது. தூங்குகிறவனை எழுப்பியது.

சாராபாய் குடும்பம் காலிகோ மில் குடும்பம். அகமதாபாத், பம்பாய் ஆலைகளில் தலித்துகளுக்கு நூற்புப் பிரிவில் வேலை கொடுத்தார்கள், நெசவுப் பிரிவில் விடவில்லை. அறுந்த நூலை ஓடத்தின் ஓட்டை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், எச்சில் தீட்டு. பம்பாய் வேலைநிறுத்தத்தின்போது 1928இல் அம்பேத்கர் இதைக் கேள்வியாக எழுப்பினார். நீராவியாலும் மின்சாரத்தாலும் ஓடிய எந்திரம் அது. எந்திரம் வந்தால் சாதி தானே போகும் என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள். ஓடத்தின் சின்ன ஓட்டைக்குள் சாதி புகுந்து உட்கார்ந்துகொண்டது.

“அப்ப அமெரிக்காவுல கறுப்பருங்க?” என்றான் பையன். நியாயமான கேள்வி. ரோலண்ட் கம்பெனியின் 808 என்ற தாள எந்திரம் 1980இல் வந்து 1983இல் நின்றது. நிஜமான டிரம்மைப்போல இல்லை என்று ஒதுக்கினார்கள். மலிவு விலையில் கைமாறிய அதைக் கறுப்பினப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். நியூயார்க்கில் ஹிப்ஹாப் இதை எடுத்துக்கொண்டு வளர்ந்தது, மோட்டார்த் தொழில் நொடித்த டெட்ராய்ட்டில் டெக்னோ இப்படித்தான் எழுந்தது. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் கிளர்ந்த பிறகு, அடுத்த வருசமே சட்டம் போட்டு அவர்கள் பறையடிப்பதைத் தடை செய்தார்கள். பறையால் சேதி போகும் என்று பயம். அவர்களிடமிருந்து பறையைப் பிடுங்கினார்கள், நம் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். பிடுங்கியதை எந்திரத்தில் மீட்பது வேறு, மாட்டியதைக் கழற்றி எறிந்த பிறகு எந்திரத்தில் திரும்பச் செய்வது வேறு. தொண்ணூறுகளில் பறையைக் கொளுத்துவதா, கலையாக்குவதா என்று நம்மிடையே நடந்த சண்டை முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான். இரண்டு கட்சியும் சரி. அப்பா ஒரு கட்சி, பையன் இன்னொரு கட்சி. நான் இரண்டு பேருக்கும் நடுவில் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கேள்விக்குப் பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒருநாள் ராத்திரி ஸ்பீக்கரைப் போட்டு அவன் அடித்துப் பார்த்தான். ஒன்பது மணி இருக்கும். வீட்டுக்காரர் மேலே வந்தார்.

“யாருங்க, சாவா?”

“இல்லீங்க, பையன் ஏதோ மிசின்ல...”

உள்ளே எட்டிப் பார்த்தார். பெட்டி, ஒயர், சிவப்பு விளக்கு. சாதியைச் சொல்லக்கூடியதாக அங்கே ஒரு பொருளும் இல்லை. கொஞ்சநேரம் நின்றுவிட்டு, “ஆமா, நீங்க நாமக்கல்லுல எந்தப் பக்கம்னு சொன்னீங்க?” என்றார். இரண்டு வருசமாகக் கேட்காத கேள்வி. ஒரு வாரம் கழித்து, மகனுக்குக் கல்யாணம் பேசுகிறோம், மாடி தேவைப்படுகிறது, மாசக் கடைசிக்குள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆக, தோலில்லாத பறைக்கும் சாதி உண்டு. அது அடியில் இருக்கிறது. அந்தத் தாளக்கட்டை இன்னார் தவிர வேறு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள் என்கிற ஊர் ஞானத்தில் இருக்கிறது.

இதைவிட மோசமான ஒன்றையும் எழுதியாக வேண்டும். வீட்டுக்காரர் இறங்கிப்போன உடனே நான் பையனிடம் சொன்னது: “இனிமே ஹெட்போன் மாட்டிக்க.” கூட்டங்களில் அடையாளம், சுயமரியாதை என்று ஒரு மணி நேரம் பேசுகிறவன்தான் நான். அவன் பதில் சொல்லவில்லை, ஒயர்களைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தான். எங்கப்பா ஆறு மாசம் அரைவயிற்றோடு கிடந்து அடிக்க மாட்டேன் என்று சொன்ன வாயும், வாடகை வீட்டுக்காக அடிக்காதே என்று சொன்ன என் வாயும் ஒன்றா? இரண்டும் மௌனம்தான் கேட்டன. அவர் ஊருக்கு எதிராகக் கேட்டார். நான் ஊருக்காகக் கேட்டேன்.

போன வாரம் கண் காட்ட அப்பா வந்திருந்தார். பெட்டியைப் பார்த்து, “என்னடா கண்ணு இது?” என்றார். பையன் என்னைப் பார்த்தான், பிறகு ஸ்பீக்கரிலேயே நாலு அடி போட்டான். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“நனைஞ்ச தோலாட்டம் கேக்குது. காய்ச்சாம அடிக்கறயே.”

அவன் ஒரு குமிழைத் திருகினான். சுருதி ஏறியது.

“இன்னும்.”

திருகினான்.

“அங்க நிறுத்து. இப்பப் போடு.”

போட்டான். பட்டனைத் தாத்தா பக்கம் தள்ளி, “நீங்க போட்டுப் பாருங்க” என்றான். அப்பா இரண்டு கையையும் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். “நான் வுட்டது வுட்டதுதான். நீ அடி, நான் சொல்றேன். சாவடி வேணாம், வேற சொல்லித் தரேன்.”

பையன் எழுந்து என்னிடம் கேட்டான், “மாமா, ஜன்னலச் சாத்தட்டா?”

மாசக் கடைசிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. வேண்டாம் என்றேன்.