மறவாமை என்னும் அறம்

மறதி இயற்கை மனிதனுக்கு அளித்த மருந்து என்று பெரியோர் கூறுவர். பட்ட துன்பம் யாவும் நேற்றுப் பட்டதுபோல் என்றும் நெஞ்சில் நின்றால் வாழ்க்கை நடவாது. ஆயினும், ஓர் ஊரையே அழித்த துன்பத்தை அவ்வூரார் மறக்கலாமா? மறவாதிருத்தல் கடமை என்றால், எவ்வாறு மறவாதிருத்தல் வேண்டும்? ஆண்டுக்கு ஒருநாள் விளக்கேற்றி, மணி ஒலித்து, இறந்தோர் பெயரைப் படித்து மௌனம் காத்தால், அவர்களுக்கு நாம் பட்ட கடன் தீர்ந்துவிடுமா? இவ்வினா எந்நாட்டினர்க்கும் பொதுவானது. இதற்கு விடை காண, நமக்கு மிகத் தொலைவில் உள்ள ஒரு நகரத்தின் பட்டறிவை எடுத்துக்கொள்வோம். சொந்தத் துன்பத்தில் கண்ணீர் கண்ணை மறைக்கும். பிறர் துன்பத்தை அமைதியாக ஆராய்ந்து நமக்குரிய பாடத்தைப் பெறுதல் எளிது.

அமெரிக்க நாட்டின் லூயிசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றிற்கும் பொன்சார்ட்ரெயின் ஏரிக்கும் இடையே அமைந்தது நியூ ஆர்லியன்ஸ் நகரம். அதன் நிலத்தில் ஏறத்தாழப் பாதி கடல்மட்டத்திற்கும் கீழே உள்ளது. உயர்ந்த கரைகளும் நீரிறைக்கும் எந்திரங்களுமே அதனைக் காத்து வருகின்றன. 2005 ஆகஸ்டு 29ஆம் நாள் கத்ரீனா என்னும் சூறாவளி அம்மாநிலக் கடற்கரையைத் தாக்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரைகள் உடைந்தன. நகரின் நூற்றுக்கு எண்பது பங்கு நீரில் மூழ்கியது. அச்சூறாவளியால் இறந்தோர் 1,833 பேர் என்று நெடுங்காலம் கூறப்பட்டது. 2023இல் அந்நாட்டின் தேசியச் சூறாவளி மையம் மறுஆய்வு செய்து 1,392 என்று திருத்தியது. இறந்தோரை எண்ணி முடிப்பதற்கே பதினெட்டு ஆண்டுகள் ஆயின என்றால், அத்துன்பத்தின் அளவை நாம் உணரலாம்.

வெளியேறு என்னும் ஆணை

"இயற்கையின் சீற்றத்திற்கு யார் என் செய்வர்?" என்று சிலர் கேட்கலாம். காற்றும் மழையும் நம் வசத்தில் இல்லை என்பது மெய்யே. ஆயின் கரைகள் காற்றினால் மட்டும் உடையவில்லை. அவற்றின் அமைப்பிலேயே குறை இருந்தது என்பதை, அவற்றைக் கட்டிய இராணுவப் பொறியாளர் அமைப்பே 2006இல் ஒப்புக்கொண்டது. அதைக் காட்டிலும் நம் சிந்தனைக்குரியது, மக்கள் வெளியேறிய வரலாறு.

நகர மக்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்னும் கட்டாய ஆணை ஆகஸ்டு 28, ஞாயிறு காலையில் பிறந்தது. புயல் கரையைத் தொட ஒரு நாள் கூட இல்லை. நெடுஞ்சாலைகளில் உள்வரும் தடங்களும் வெளிச்செல்லும் தடங்களாக மாற்றப்பட்டிருந்தன. அவ்வட்டாரம் முழுவதிலுமிருந்து பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கார்களில் ஏறித் தப்பினர். கார் உடையவர்க்கு அவ்வேற்பாடு நன்கு பயன்பட்டது. ஆனால் அந்நகரில் நான்கில் ஒரு குடும்பத்திற்கு மேல் கார் இல்லாதவை. மாதக் கடைசி, அடுத்த மாதத் தொகை கைக்கு வராத நேரம். விடுதி வாடகைக்குப் பணமில்லை; வெளியூரில் உறவில்லை; படுத்த படுக்கையான தாயைத் தூக்கிச் செல்ல ஆளில்லை. ஏறத்தாழ ஓரிலட்சம் பேர் நகரிலேயே தங்கினர். அவர்களுள் பல்லாயிரவர், கடைசிப் புகலிடம் என்று திறக்கப்பட்ட விளையாட்டரங்கில் உணவும் மின்சாரமும் குறைந்து நாட்கணக்கில் வாடினர். நூற்றுக்கணக்கான பேருந்துகள் நீரில் மூழ்கி வரிசையாக நிற்கும் படத்தை உலகம் கண்டது. வண்டி இல்லாமல் போகவில்லை. அதனை உரிய நேரத்தில் ஓட்டிவரும் ஏற்பாடுதான் இல்லாமல் போயிற்று.

லூயிசியானாவில் இறந்தோரைப் பற்றிய ஆய்வொன்று, அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் என்று காட்டியது. அதாவது, அந்நகரம் தன் மூத்தோரையே பெரிதும் இழந்தது. "நாங்கள் போகச் சொன்னோம்; அவர்கள் போகவில்லை" என்ற பேச்சும் அப்போது எழுந்தது. நடக்க இயலாதவனை நோக்கி 'ஓடு' என்று சொல்லிவிட்டு, சொன்னதனாலேயே நம் பொறுப்பு முடிந்தது என்று கருதலாமா? இதுவே நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டிய அறவினா. எச்சரிக்கை செய்தல் கடமையின் பாதியே. அதன்படி நடக்க இயலாதவர்க்கு வழி செய்தல் மறுபாதி.

அறிந்தும் மறந்தது

இது எதிர்பாராத துன்பமும் அன்று. 1965 செப்டம்பரில் பெட்சி என்னும் சூறாவளி இதே நகரின் கீழை ஒன்பதாம் வட்டாரத்தை மூழ்கடித்தது. அதன் பின்னரே பெருங்கரைகள் கட்டும் திட்டம் தொடங்கியது. பதின்மூன்று ஆண்டுகளில் முடியும் என்று கணிக்கப்பட்ட அத்திட்டம், நாற்பது ஆண்டுகள் கழித்து 2005இலும் முடியாமலே இருந்தது. 2004 ஜூலையில் அதிகாரிகள் ஒன்றுகூடி, 'பாம்' என்று பெயரிட்ட ஒரு கற்பனைச் சூறாவளி நகரைத் தாக்கினால் என்ன ஆகும் என்று ஒத்திகை பார்த்தனர். வாகனமற்றோர் நகரில் சிக்குவர் என்பது அப்போதே தெரிந்திருந்தது. தெரிந்ததற்கும் செய்ததற்கும் இடையே ஓராண்டு கழிந்தது. அதற்குள் மெய்யான சூறாவளி வந்துவிட்டது.

திருக்குறளில் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரம் உண்டு. பொச்சாப்பு என்றால் மறதி. ஆயின் வெறும் ஞாபகக் குறைவு அன்று; நன்றாக இருக்கும் காலத்து மகிழ்ச்சியால் கடமையில் உண்டாகும் சோர்வு. வானம் தெளிந்திருக்கும் நாளில் கரையைக் கட்டாமல் விடுவதும், பேருந்துக்கு ஓட்டுநரை ஏற்பாடு செய்யாமல் இருப்பதும் இத்தகைய சோர்வே. யாரையும் கொல்ல எண்ணியவர் அந்நகரில் எவருமில்லை. எனினும் உயிர்கள் போயின. தீய எண்ணத்தால் மட்டுமன்றி, கவனமின்மையாலும் உயிர்க்கு ஊறு நேரும் என்பது நாம் அறியாததன்று.

நினைவும் தவறு செய்யும்

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். மறவாதவர்கள் எல்லாரும் தப்பினார்களா எனின், இல்லை.

அண்டை மாநிலமான மிசிசிப்பியின் கடற்கரையோர் 1969இல் வந்த கமீல் என்னும் கொடிய சூறாவளியை நன்கு நினைவு வைத்திருந்தனர். "கமீலின்போதே நம் வீட்டு வாயிலுக்குத் தண்ணீர் வரவில்லை, இப்போதா வரப்போகிறது?" என்று பலர் வீட்டிலேயே இருந்துவிட்டனர். கத்ரீனா எழுப்பிய கடல்நீர் கமீலை விட உயர்ந்து வந்தது. பழைய நினைவே அவர்களைக் காவு கொண்டது.

நியூ ஆர்லியன்சில் பெட்சியைக் கண்ட முதியவர்கள் வேறொரு பாடம் கற்றிருந்தனர். அன்று வெள்ளத்திற்கு அஞ்சிப் பரணில் ஏறியோர், கூரையைத் திறக்க வழியின்றி அங்கேயே சிக்கினர். ஆகவே பரணில் எப்போதும் ஒரு கோடரி வைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த அறிவுரை. 2005இல் அவ்வாறு கூரையைப் பிளந்து வெளிவந்து உயிர் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் கோடரியை ஓங்க வலுவற்ற கிழவி என் செய்வாள்? அவரவர் பரணில் அவரவர் கோடரி என்னும் நினைவு, வலிமை உடையவனை மட்டுமே காக்கும்.

மூன்றாவது, அச்சத்தால் மட்டும் ஆன நினைவு. கத்ரீனா சென்ற மூன்று வாரங்களில் ரீட்டா என்னும் மற்றொரு பெருஞ்சூறாவளி டெக்சஸ் மாநிலத்தை நோக்கி வந்தது. தொலைக்காட்சியில் கண்ட காட்சிகள் கண்முன் நிற்க, ஹூஸ்டன் வட்டாரத்திலிருந்து 25 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் புறப்பட்டனர். நெடுஞ்சாலைகள் அசைவற்று நின்றன. கடும் வெயிலில் எரிபொருளும் நீரும் தீர்ந்தன. முதியோர் இல்லத்தவரை ஏற்றிச் சென்ற பேருந்து ஒன்று தீப்பற்றி 23 பேர் மாண்டனர். புயலோ ஹூஸ்டனை விட்டு விலகிச் சென்றது. அம்மாநிலத்தில் ரீட்டாவினால் நேர்ந்த இறப்புகளில் பெரும்பாலானவை புயலால் அல்ல, ஓட்டத்தால் நேர்ந்தவை.

எனவே, மறவாமை தன்னளவிலேயே அறம் ஆகிவிடாது. இறுமாப்பாக நிற்கும் நினைவும் உண்டு. தன்னலமாக நிற்கும் நினைவும் உண்டு. நடுக்கமாக நிற்கும் நினைவும் உண்டு. எந்நினைவு அறமாகும்?

கையுயர்த்தி நிற்கும் உருவம்

கத்ரீனாவின் மூன்றாம் நினைவுநாள் 2008 ஆகஸ்டு 29. அப்போதே குஸ்தாவ் என்னும் சூறாவளி அந்நகரை நோக்கி வந்துகொண்டிருந்தது. இம்முறை வெறும் ஆணை மட்டும் பிறக்கவில்லை. வாகனமற்றோரை நகரின் பல இடங்களில் ஏற்றிச் செல்லப் பேருந்துகளும் தொடர்வண்டிகளும் அமர்த்தப்பட்டன. ஏறத்தாழ 18,000 பேர் அவ்வாறு அழைத்துச் செல்லப்பட்டனர்.

விலங்குகளையும் இம்முறை மறக்கவில்லை. 2005இல் மீட்புப் பேருந்துகளில் பிராணிகளுக்கு இடம் மறுக்கப்பட்டது. ஒரு சிறுவன் கையிலிருந்து நாய்க்குட்டி பறிக்கப்பட்டது, அவன் கதறி அழுதான் என்னும் செய்தி நாடெங்கும் பரவியது. வளர்த்த உயிரை விட்டுவர மனமின்றி வெள்ளத்திலேயே தங்கியவர்கள் பலர். அதன் விளைவாக 2006இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பேரிடர்க் காலத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் இடம் வகுக்கப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. வாயில்லா உயிரைக் காப்பதும் மனிதரைக் காப்பதும் இருவேறு செயல்கள் அல்ல என்பது நம் இல்லங்களில் வழிவழியாகச் சொல்லப்படுவது. வெள்ளத்தில் நின்று கற்ற அந்நாடும் அதனையே சட்டமாக எழுதிற்று.

2013இல் அந்நகரின் பதினேழு இடங்களில் பதினான்கு அடி உயரமுள்ள எஃகு உருவங்கள் நிறுவப்பட்டன. ஒரு கையை உயர்த்தி வண்டியை நிறுத்தும் மனிதனின் வடிவம் அது. வெளியேற வேண்டிய நாளில் வாகனமற்றோர் அங்கு வந்து நின்றால் அரசு அழைத்துச் செல்லும் என்பது அதன் பொருள். பார்ப்பவர்க்கு அது 2005இல் கூரைமீது நின்று கையசைத்தவர்களை நினைவூட்டும். ஆயினும் அது வெறும் நினைவுச்சின்னம் அன்று. நாளைக்கு வழிகாட்டும் பலகையும் ஆகும். அழுகையையும் ஏற்பாட்டையும் ஒன்றாக்கிய நினைவு அது. பரணில் இருந்த கோடரி தெருமுனைக்கு வந்து எல்லார்க்கும் பொதுவானது என்று நாம் கொள்ளலாம்.

இவ்வளவும் செய்தபின் அந்நகரம் நிறைவு எய்திற்றா? 2021இல், சரியாக அதே ஆகஸ்டு 29ஆம் நாள், ஐடா என்னும் சூறாவளி வந்தது. அது மிக விரைவில் வலுப்பெற்றதால் நகர் முழுவதையும் வெளியேற்றக் காலம் போதவில்லை. பெருஞ்செலவில் புதுப்பித்த கரைகள் உறுதியாக நின்றன, வெள்ளம் வரவில்லை. ஆனால் மின்சாரம் பல நாட்கள் நின்றுபோயிற்று. கடும் வெப்பத்தில், பூட்டிய அறைகளில் தனித்திருந்த முதியவர்கள் சிலர் உயிரிழந்தனர். நீரை மறவாத நகரம் வெயிலை எண்ணவில்லை. துன்பம் சென்ற முறை வந்த வழியிலேயே மீண்டும் வருவதில்லை. ஆயின் ஒன்று மட்டும் மாறவில்லை: 2005இலும் 2021இலும் பின்தங்கியவர் முதியவர், தனித்தவர், வறியவர். புயலின் பெயரை நினைவு வைப்பதினும் இவர்கள் பெயரை நினைவு வைத்தல் மேலானது.

2025 ஆகஸ்டில் கத்ரீனாவின் இருபதாம் நினைவுநாள் வந்து சென்றது. அன்று பிறந்த குழந்தைகள் இன்று வளர்ந்து ஆளாகிவிட்டனர். கண்டவர்கள் குறைந்து, கேட்டவர்கள் மிகும் காலம் இது. இனி நினைவு நெஞ்சில் மட்டும் தங்கினால் அழியும். செயலில் தங்கினால் நிற்கும்.

மழையோ வெயிலோ தீயோ, நம் தெருவிற்கும் ஒருநாள் ஒரு துன்பம் வரக்கூடும். அந்நாளில் தாமாக எழுந்து நடக்க இயலாதவர் நம் தெருவில் எத்தனை பேர்? எந்த வீட்டு மாடியில் ஒரு மூதாட்டி தனித்து இருக்கிறார்? அவரை யார் தூக்கி வருவது? இம்மூன்று வினாக்களுக்கும் வானம் தெளிந்திருக்கும் இன்றே நாம் விடை வைத்திருப்போமாயின், எங்கோ ஒரு கூரைமேல் கையுயர்த்தி நின்று, எவரும் வாராமல் மறைந்துபோனவர்களுக்கு நாம் செய்யும் நினைவஞ்சலி அதுவே ஆகும்.