மௌனமும் சந்தாவும்

மௌனம் சம்மதம் என்பது பெண் பார்க்கும் கூடத்திலேயே ஐயத்திற்குரிய வழக்கு. மின்வணிகமோ அதனை ஒரு வருவாய் முறையாகவே ஆக்கிக்கொண்டுள்ளது. இலவசச் சோதனைக் காலம் என்ற பெயரில் கடனட்டை எண்ணை முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, குறித்த நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லாதவரிடம் மாதந்தோறும் முழுச் சந்தாவையும் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு, பெரும்பாலும் வாங்குபவரின் மறதியை நம்பியே நடக்கிறது. சேர்வதற்குப் பளிச்சென்ற ஒரு பொத்தானும், விலகுவதற்கு நான்கு பக்கங்கள் தாண்டிச் சாம்பல் நிறச் சிற்றெழுத்தும் வைக்கப்படும்போது, அம்மறதியைத் தற்செயல் என்று கொள்வதற்கில்லை.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், திருமுருகன் கோயில் அமைந்துள்ள டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வாழும் தமிழருக்கு, அம்மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இவ்வகையில் நல்ல துணை. இலவசமாகவோ குறைந்த விலையிலோ குறிப்பிட்ட காலத்திற்குச் சேவை தந்த வணிகர், அக்காலம் முடிகையில் முழு விலைக்கு வேண்டாம் என்பதை நுகர்வோரே அறிவிக்க வேண்டும் எனக் கோருவதை அதன் 230ஆம் பிரிவு தடைசெய்கிறது. பெரும் பரிசு கிடைத்துவிட்டதுபோல் தோன்றிய கடிதத்தை நம்பி ஒருவர் டைம் இதழுக்குச் சந்தா கட்டிய வழக்கில், 2012இல் தீர்ப்பளித்த கனடா உச்ச நீதிமன்றம், இச்சட்டம் கருதும் சராசரி நுகர்வோர் எளிதில் நம்புபவர், அனுபவமற்றவர் என்று வரையறுத்து, வணிகரைக் கண்டிக்கும் நோக்கில் விதிக்கப்படும் தண்டனை இழப்பீடாக 15,000 டாலரை வழங்கியது. குடிமக்களைப் பேதைகளாக்கும் வரையறை என்று இதனைக் குறைகூறுவாரும் உண்டு. ஆயினும் வேலை முடிந்து பேருந்தில் நின்றபடி, பின்னாளில் கற்ற மொழியிலுள்ள நிபந்தனைகளைக் கட்டைவிரலால் தள்ளிவிடும் பட்டதாரியும் அதற்குள் அடங்குபவரே.

கடினமான கேள்வி மறுபக்கத்தில் இருக்கிறது. ஆறு மாதம் படம் பார்த்தபின், தமக்குத் தெரியாமல் பணம் பிடிக்கப்பட்டதாக முறையிட்டு, அட்டை வழங்கிய வங்கி வணிகரிடமிருந்து தொகையை மீட்டுத் தரும் வழியை நாடுபவர், சட்டத்தின் துணை கிடைப்பினும், பொய்யே உரைக்கிறார். ஒருமுறைகூடத் திறவாமல் மறந்தவரின் நிலை வேறு. இந்திய ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்திய விதி, தானாகப் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அட்டைதாரருக்குத் தெரிவிக்கச் சொல்வது இத்தகையோரை எண்ணியே எனலாம். நினைவூட்டுவது வணிகருக்கு எளிது. கணக்கு கடைசியாகத் திறக்கப்பட்ட நாள் அவரிடம் பதிவாகியிருக்கிறது. அட்டைதாரரிடம் இருப்பதோ, புரியாத சுருக்கப்பெயரில் ஒற்றை வரியாய் வந்துபோகும் மாதக் கணக்கறிக்கை மட்டுமே.