ஒரு கூரைக்கு இரண்டு விலை

புயல் ஓய்ந்த சில வாரங்களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் தெருவுக்குத் தெரு கூரை மாற்றும் வேலை மும்முரமாக நடக்கும். வீட்டுக்காரர் ஓர் ஒப்பந்தக்காரரிடம் விலை பேசி முடிக்கிறார். காப்பீட்டுப் பணம் வருகிறது, புதுக் கூரை ஏறுகிறது, பேசிய தொகை முழுவதையும் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிடுகிறார். இரண்டு மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் ஒரு காகிதம் வருகிறது: வீட்டின் மீது வில்லங்கம் ஏறியிருக்கிறது. கூரைத் தகடுகளைக் கடனுக்குக் கொடுத்த கடைக்காரருக்கு ஒப்பந்தக்காரர் ஒரு காசுகூடத் தரவில்லை. வாங்கிய பணத்தைப் பழைய கடன்களுக்குத் திருப்பிவிட்டார், இப்போது தொலைபேசியையும் எடுப்பதில்லை. வீட்டுக்காரர் அந்தப் பாக்கியைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கடைக்காரர் வழக்குப் போட்டு வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம்.

கட்டுமானப் பற்றுரிமை எனப்படும் இந்த ஏற்பாடு நியாயமானதா? ஏமாற்றியவர் கைக்கு எட்டாமல் போனபின் எஞ்சுவது நேர்மையான இருவர்தான். நட்டத்தை அவர்களில் ஒருவர் தாங்கியே ஆக வேண்டும்.

பொருள் கொடுத்தவரின் பக்கத்தை முதலில் கேட்பதே முறை, ஏனென்றால் வீட்டுக்காரரின் கோபம் பெரும்பாலும் அவர்மேல்தான் பாய்கிறது. கலவை லாரி வந்து அடித்தளத்தில் கொட்டிவிட்டுப் போன கான்கிரீட் சில மணி நேரத்தில் இறுகிவிடும். அதற்குப் பிறகு அதைத் திரும்ப எடுத்துப்போக உலகத்தில் யாராலும் முடியாது. சுவருக்குள் போன கம்பியும் ஆணி அடித்த பலகையும் அப்படியே நிலத்தோடு சேர்ந்து நிலக்காரரின் சொத்தாகிவிடுகின்றன. மற்ற வியாபாரங்களில் பணம் வராவிட்டால் சரக்கையாவது திரும்பப் பெறலாம் என்ற கடைசி நம்பிக்கை உண்டு. கட்டட வேலையில் அது கிடையாது. சிறிய மரக்கடைக்காரர் ஒருவருக்கு ஒரு பெரிய பாக்கி நின்றுபோனால், அந்த மாதம் அவரிடம் வேலை செய்பவர்களின் சம்பளமும் நின்றுபோகும்.

இந்த நியாயத்தின் மேல்தான் சட்டம் எழுந்தது. அமெரிக்காவின் முதல் பற்றுரிமைச் சட்டம் 1791 டிசம்பரில் மேரிலாந்தில் நிறைவேறியது. வாஷிங்டன் என்ற புதிய தலைநகரம் எழ வேண்டியிருந்த காலம் அது. தாமஸ் ஜெஃபர்சனும் ஜேம்ஸ் மேடிசனும் அந்த யோசனைக்குத் துணை நின்றார்கள். கூலியும் பொருளும் வீண்போகாது என்ற உறுதி இருந்தால்தான் கொத்தனும் தச்சனும் துணிந்து வருவார்கள் என்பது அதன் அடிப்படை. கலிஃபோர்னியா இந்த உரிமையைத் தன் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஃபுளோரிடாவின் அரசியலமைப்பு, குடியிருக்கும் வீட்டைச் சாதாரணக் கடன்காரர்கள் ஏலம் போட முடியாதபடி காக்கிறது. கட்டட வேலைப் பாக்கிக்கோ அந்த வேலி திறந்துவிடப்பட்டிருக்கிறது. மருத்துவமனைக் கடனுக்குப் போகாத வீடு கூரைக் கடனுக்குப் போகலாம்.

வீட்டுக்காரர் பணமே கொடுக்காமல் இருந்தால் இதில் விவாதத்துக்கு இடமில்லை. அடுத்தவர் பொருளால் தன் சொத்தின் மதிப்பை உயர்த்திக்கொண்டு கைவிரிப்பது களவுக்குச் சமம். ஆனால் முழுத்தொகையையும் கொடுத்துவிட்டவரிடம் இந்த வாதம் செல்லாது. அவர் எதையும் இலவசமாகப் பெறவில்லை. அவரிடம் மறுபடி கேட்பதற்கு வேறொரு காரணம் வேண்டும்.

சட்டம் அப்படி ஒரு காரணத்தைச் சொல்லத்தான் செய்கிறது: தடுத்திருக்கலாமே, ஏன் தடுக்கவில்லை? ஃபுளோரிடாவில் வீட்டுக்காரரோடு நேரடி ஒப்பந்தம் இல்லாத கடைக்காரர், சரக்கு இறக்கத் தொடங்கிய 45 நாட்களுக்குள் அவருக்கு முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும். கடைசியாகச் சரக்கு இறக்கிய 90 நாட்களுக்குள் உரிமையைப் பதிய வேண்டும். பதிந்த ஓராண்டுக்குள் வழக்குத் தொடராவிட்டால் உரிமை போய்விடும். வேண்டுமென்றே தொகையைக் கூட்டி எழுதினால் அது குற்றம். அறிவிப்பு அனுப்பியவர்களிடமெல்லாம் பணம் பெற்றுக்கொண்டதற்கான விடுப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு, சட்டம் சொன்ன முறைப்படி பணம் கொடுத்த வீட்டுக்காரர் ஒப்பந்தத் தொகைக்கு மேல் கட்ட வேண்டியதில்லை.

காகிதத்தில் இது நேர்த்தியான சமநிலை. நடப்பில் அந்த முன்னறிவிப்பு ஒரு வீட்டுக்கு எப்படி வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டும். பெயரே கேள்விப்படாத ஒரு கம்பெனியிடமிருந்து கடிதம். முழுப் பணமும் கொடுத்திருந்தாலும் உங்கள் சொத்தின் மீது உரிமை கோரப்படலாம் என்று அதில் பெரிய எழுத்தில் எச்சரிக்கை. பதறிப்போய் ஒப்பந்தக்காரரிடம் கேட்டால், “எல்லா வேலைக்கும் வருகிற காகிதம்தான், கவலைப்படாதீர்கள்” என்கிறார். அவர் சொல்வது உண்மையும்கூட. ஒழுங்காகப் பணம் போய்ச்சேரும் வேலைகளுக்கும் இதே கடிதம் வரத்தான் செய்கிறது. நேர்மையான வேலைக்கும் மோசடி வேலைக்கும் ஒரே மாதிரி ஒலிக்கும் எச்சரிக்கை மணியை எத்தனை பேர் எழுந்து போய்ப் பார்ப்பார்கள்? படிக்காமல் விட்டது வீட்டுக்காரரின் பிழைதான், ஆனால் வீட்டை இழக்கும் அளவுக்குப் பெரிய பிழை அல்ல.

இருவரின் நிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாய்வு தெரிகிறது. வீட்டுக்காரர் ஆயுளில் ஒருமுறையோ இருமுறையோ கூரை மாற்றுகிறார். கடைக்காரருக்குக் கடன் கொடுப்பதே அன்றாடத் தொழில். எந்த ஒப்பந்தக்காரரின் காசோலை திரும்புகிறது, யார் மூன்று மாதமாகப் பாக்கி வைத்திருக்கிறார் என்பது அவர் பேரேட்டிலேயே இருக்கிறது. இருந்தும், கடைசியில் வீடு பதில் சொல்லும் என்ற தைரியத்தில் தள்ளாடும் ஒப்பந்தக்காரருக்கும் சரக்கு தொடர்ந்து போகிறது. தெரிந்தே ஏற்ற ஆபத்தைத் தெரியாதவர் தலையில் இறக்குவதற்கு இந்த உரிமை கருவியாகும் இடம் இது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இந்தச் சிக்கலை வேறு விதமாக அணுகியிருக்கிறது. டொரொன்டோ, மார்க்கம் பக்கம் பேஸ்மென்ட் கட்டும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதுவே சட்டம். வீட்டுக்காரர் ஒவ்வொரு தவணையிலும் 10 சதவீதத்தைப் பிடித்துவைத்து, உரிமை கோரும் காலம் கழிந்த பிறகே விட வேண்டும். பற்றுரிமை கோரும் எழுத்துமூல அறிவிப்பு வராதவரை, ஒப்பந்தக்காரருக்குக் கீழே இருப்பவர்களுக்கு அவர் பொறுப்பு அந்த 10 சதவீதத்தோடு நின்றுவிடும். பிடிக்காமல் முழுவதையும் கொடுத்துவிட்டால் அந்தப் பத்தை மட்டும் தன் கையிலிருந்து தர வேண்டும். செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று, அதுவும் யாருக்கும் புரிவது. தவறினால் வரும் தண்டனைக்கும் எல்லை உண்டு. ஒப்பந்தக்காரர் கைக்கு வந்த பணத்தையும் அந்தச் சட்டம் அவர் சொந்தப் பணமாகக் கருதுவதில்லை: கீழே வேலை செய்தவர்களுக்காக அவரிடம் இருக்கும் நம்பிக்கைச் சொத்து அது. கம்பெனி திவாலானாலும் அதைத் திருப்பிவிட்ட இயக்குநர் தனிப்பட்ட முறையில் பதில் சொல்ல நேரும். நியூயார்க் மாநிலம் அப்படித் திருப்பிவிடுவதைத் திருட்டு என்றே தண்டிக்கிறது. குற்றம் நடந்த இடத்தில் கைவைக்கும் சட்டம் இதுதான்.

யூட்டா மாநிலம் 1990களில் இன்னொரு வழி கண்டது. உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரருக்கு முழுப்பணமும் கொடுத்த வீட்டுக்காரரை விடுவித்து, பாக்கியைத் தொழில்துறையினர் செலுத்தும் பொது நிதியிலிருந்து கொடுத்தது. மிச்சிகனில் இருந்த அப்படிப்பட்ட நிதி 2010இல் மூடப்பட்டுவிட்டதால், இதை உறுதியான தீர்வென்று நம்பிவிட முடியாது. ஒன்டாரியோவின் வரம்பே மேல் என்று தோன்றுகிறது. அந்த வரம்புக்கு அப்பால் நிற்கும் நட்டம் கடைக்காரரைச் சேரும். கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்தான் இருந்தார்.

கூலிக்கு வந்தவர் அந்த இடத்தில் இல்லை. கூரையில் வெயிலில் நின்று ஆணி அடித்தவர் யாருக்கும் கடன் கொடுக்க முன்வரவில்லை, வாரக் கடைசியில் கூலி வரும் என்று மட்டுமே நம்பினார். ஃபுளோரிடாவில் அவர் முன்னறிவிப்பு அனுப்ப வேண்டியதில்லை. ஒன்டாரியோவில் 40 வேலைநாள் கூலிவரை பற்றுரிமை கோரும் மற்றவர்களை முந்தி அவருக்கு முன்னுரிமை உண்டு. முழுப்பணமும் கொடுத்த வீட்டுக்காரராக இருந்தாலும், பிடித்துவைத்த பணம் போதாமல் போனாலும், அந்தக் கூலியை அவர் இன்னொரு முறை கொடுப்பதே சரி.