சீட்டில் எழுதிய வழி

தனிமையை நாடுவது தவறன்று. நாளெல்லாம் பிறர் குரலுக்கே செவி கொடுத்து வாழும் மனிதன், ஆண்டில் ஒரு நாளேனும் தன் காலடியோசையை மட்டும் கேட்டு நடப்பானாயின் அவனுக்கு நன்மையே. நம்மை உறுத்தும் வினா வேறு. ஆளில்லா மலையில் தனியே நடப்பவன் உண்மையில் தனித்தவன்தானா? அவன் செய்யும் முடிவுகள் அவனுக்கு மட்டுமே உரியவையா?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதம், ஸ்காட்லாந்து நாட்டின் கெய்ர்ன்கார்ம் மலைகளில் ஒரு பகல் முழுதும் தனியே நடந்தோம். பென் மக்டூயி சிகரத்துக்குச் சென்று திரும்புவது நோக்கம். உயரம் 1,309 மீட்டர். பிரித்தானியத் தீவில் பென் நெவிசுக்கு அடுத்தது அதுவே. இமயத்தை அறிந்த நமக்கு அது குன்றாகத் தோன்றலாம். ஆயினும் அதன் உச்சி மரமற்ற பரந்த மேட்டுநிலம். மூடுபனி இறங்கினால் திசையே அற்றுப்போகும்.

அங்கே ஒரு நல்வழக்கம் உண்டு. மலைக்குப் போகுமுன், செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதி யாரிடமேனும் கொடுத்துச் செல்வர். நேரம் கணிக்க, நெய்ஸ்மித் என்பார் 1892இல் வகுத்த கணக்கு இன்றும் வழங்குகிறது: மூன்று மைலுக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணி. அவ்வாறே கணக்கிட்டு, 'போன வழியே மீள்வோம், மாலை ஐந்து மணி' என்றெழுதித் தங்கியிருந்த வீட்டு அம்மையாரிடம் கொடுத்தோம்.

சிகரத்தில் நம்மையன்றி எவருமில்லை. நார்மன் கோலி நினைவுக்கு வந்தார். வேதியியல் பேராசிரியர், கைதேர்ந்த மலையேறி. 1891இல் இதே உச்சியிலிருந்து மூடுபனியில் தனியே இறங்குகையில், பின்னால் யாரோ பெரிய அடிகளில் தொடர்வதைக் கேட்டு, அஞ்சிக் கீழே காட்டை நோக்கி ஓடினாராம். 1925இல் ஒரு மலைச் சங்கக் கூட்டத்தில் அவரே இதைக் கூறினார். நகைப்பவர் நகைக்கட்டும். தனித்துச் சென்றவனின் சொல்லுக்கு அவனே சாட்சி என்பதுதான் நமக்கு இதில் முக்கியம்.

திரும்பும்போது மேட்டுநிலத்தின் விளிம்பில் நின்றோம். கீழே ஆழப் பள்ளத்தில் ஆன் ஏரி, கரும்பச்சையாய் அசைவற்றுக் கிடந்தது. ஏரியின் தலைப்பில் 'புகலிடக் கல்' எனப்படும் பெரும்பாறை. அதனடியில் ஆட்கள் இரவு தங்குவதுண்டு. பார்த்தபின் கால் நிற்கவில்லை. ஜூனிலும் கரையாத பனித்திட்டின் ஓரமாக ஏறத்தாழ 1,200 அடி இறங்கினோம். சீட்டில் இல்லாத வழி! அக்கணத்தில் அது பிழையென்றே தோன்றவில்லை, விடுதலையாகவே தோன்றியது. கரையில் அரைமணி நேரம் அமர்ந்திருந்தோம். அத்துணை மனநிறைவு பின்னர் வாய்த்ததில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

மீண்டும் ஏறும்போது ஒரு கல் புரண்டு கணுக்கால் மடங்கியது. முறியவில்லை. ஆனால் நெஞ்சு குளிர்ந்தது. இங்கே விழுந்து கிடந்தால் நம்மை எங்கே தேடுவர்? மேலே, நாம் எழுதிய வழியில். 1971 நவம்பரில் இதே மேட்டுநிலத்தில், பனிப்புயலில் ஐந்து பள்ளி மாணவர்களும் அவர்களுடன் சென்ற இளம்பெண் ஒருவரும் மாண்டனர். அவர்கள் தனித்துச் சென்றவரல்லர், கூட்டமும் காக்கவில்லை. ஆகவே தனிமையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அங்கே தேடிவரும் மீட்புக் குழுவினர் ஊதியம் பெறாத தொண்டர்கள். தம் அன்றாட வேலையை விட்டுவிட்டு வருபவர்கள். காப்பாற்றப்பட்டவரிடம் ஒரு காசும் கேளாதவர்கள். நம் உயிரை நாம் பணயம் வைக்கலாம் என வாதிடுவோர் உளர். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் பொய்யாகிப்போன ஒரு சீட்டை நம்பி, தவறான சரிவில் இரவெல்லாம் தேடுபவனின் உயிரைப் பணயம் வைக்க நமக்கு யார் உரிமை தந்தது? சீட்டே எழுதாமல் போனவன்கூட நம்மைவிட நேர்மையானவனோ என்று எண்ணினோம். அவன் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே!

வீடு சேர்ந்தபோது மணி ஏழு இருபது. வெளிச்சம் குறையவில்லை. மேசைமேல் சீட்டு விரித்தபடி இருந்தது; அருகே தொலைபேசி. வாசலில் அம்மையாரின் மகனுடைய மலைக்காலணிகள் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. அவர் மீட்புக் குழுவில் உள்ளவர் என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

"ஏழரை வரை பார்ப்பதென்று இருந்தேன். எந்த வழியாக வந்தீர்கள்?" என்று கேட்டார் அம்மையார்.

சொன்னோம். அவர் சீட்டை ஒருமுறை பார்த்தார், நான்காக மடித்தார். பிறகு சூப்பைச் சூடாக்க எழுந்து போனார்.