கேஸ் இருக்கிற டிரைவர்

சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் தஞ்சை மாவட்டத்தில் லாரி ஓட்டுநருக்கு வேலை இல்லை என்ற பேச்சே எழாது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ சிப்பங்கள் குவிந்து கிடக்கும். மழை வருமுன் அவற்றைக் கிடங்குக்கோ, நீடாமங்கலத்திலும் தஞ்சாவூரிலும் நிற்கும் சரக்கு ரயிலுக்கோ கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். ஆள் இவ்வளவு தேவைப்படும் நாட்களிலும் சிலர் மட்டும் லாரி செட்டில் காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள். "என்னப்பா, கேஸ் முடிஞ்சிருச்சா?" என்பார் உரிமையாளர். "இன்னும் வாய்தா போய்க்கிட்டு இருக்கு மொதலாளி." பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

அப்படிப்பட்டவர் ஓட்டிய வண்டியில் ஓர் உயிர் போயிருக்கும். அவருடைய காலுக்குள்ளும் கம்பி இருக்கும். ஓராண்டு படுத்து எழுந்திருப்பார். வேறு தொழில் தெரியாது. அவர் கையில் மறுபடியும் ஸ்டியரிங்கைக் கொடுக்கலாமா?

கூடாது என்பவர்களின் அச்சத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தார்கள். டெல்டாவின் சாலைகளோ பல இடங்களில் ஒருபக்கம் வாய்க்காலும் மறுபக்கம் வயலுமாக ஒடுங்கிக் கிடப்பவை. அறுவடை இயந்திரம், சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகள், ரோட்டிலேயே காயும் நெல், ஆகஸ்ட் கடைசியில் இரவெல்லாம் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் என எல்லாருக்கும் அந்த ஒரே தார்ச்சாலைதான். எதிரே வரும் லாரியை யார் ஓட்ட வேண்டும் என்று நடந்துபோகிறவர் தேர்ந்தெடுக்க முடியாது. அவருக்காகவும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பவர் உரிமையாளர். அவர் தயங்குவது நியாயம்.

ஆனால் தயங்குகிறவர் விசாரிக்க வேண்டும். அதுதான் நடப்பதில்லை.

இந்த வழக்கு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் கன்று அகப்பட்டு இறந்ததையும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்ததையும், மனுநீதிச் சோழன் மகனைத் தேர்க்காலில் இட்டதையும் பெரியபுராணம் சொல்கிறது. கன்றுதான் இடையில் புகுந்தது, இதற்குப் பிராயச்சித்தம் இருக்கிறது என்று அமைச்சர்கள் வாதாடினார்கள். மன்னன் ஏற்கவில்லை. இறைவன் தோன்றிக் கன்றையும் மகனையும் எழுப்பிக் கொடுத்தார் என்று கதை முடிகிறது. அந்தக் கதையின் பெருமை, தன் பிள்ளைக்குச் சலுகை காட்டாத நேர்மையில் இருக்கிறது. அடுத்தவர் பிள்ளையிடம் கடுமை காட்ட அப்படி ஒரு நேர்மை தேவைப்படுவதில்லை. லாரி செட்டில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை.

1976இல் பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் ஒரு லாரி ஓட்டுநரை வைத்தே இதைப் பேசினார். தன் தவறு எதுவுமில்லாமல் ஒரு குழந்தையின் மேல் வண்டியை ஏற்றிவிட்ட ஓட்டுநர் அவர். வேடிக்கை பார்த்தவர்களின் வருத்தம் வேறு, அவருடைய வருத்தம் வேறு. "உன் தப்பு இல்லை" என்று எல்லாரும் தேற்றுவோம், தேற்றவும் வேண்டும். ஆனால் அவர் அதைக் கேட்ட மாத்திரத்தில் தேறிவிட்டால் நமக்கே ஒரு சந்தேகம் வரும் என்கிறார் வில்லியம்ஸ். இதை வேலை கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். விபத்தைப் பற்றிப் பேசும்போது குரல் தடுமாறுகிறவரை "பயந்துட்டான், இனி சரிப்படாது" என்று கழித்துவிடுகிறார்கள். அந்தக் கனம் மனதில் இருப்பவர்தான் நெல் காயும் இடத்தில் பிரேக்கில் கால் வைப்பார்.

சட்டமும் முதலில் கேட்கத்தான் சொல்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் இரண்டாண்டு வரை சிறை. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை. வேகமாக ஓட்டினார் என்பது மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 1998இலேயே சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் லைசென்ஸைப் பறிப்பதற்குமுன் ஓட்டுநர் தரப்பைக் கேட்க வேண்டும். தீர்ப்பு வர ஆண்டுகள் ஆகும். அதுவரை குற்றவாளியும் இல்லை, நிரபராதியும் இல்லை என்ற நிலையில் ஒரு குடும்பம் எதைச் சாப்பிடுவது?

"கேஸ் முடிஞ்சிருச்சா?" என்பதற்குப் பதிலாக "அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சு?" என்று கேட்டுப் பார்க்கலாம். கிடங்கு வாசலில் லோடு இறக்க இரண்டு நாள் வரிசையில் கிடந்தது வெளியே வரும். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசியதால், இழந்த நேரத்தைச் சாலையில் பிடிக்கப் போனது வரும். நாளுக்கு 8 மணி நேர வேலை என்று 1961ஆம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரையறுத்திருந்தும், தூங்காமல் ஓட்டியது வரும். "சீக்கிரம் வா" என்று போனில் சொன்னது யார் என்பதும் வரும். பதிலில் பாதி கேட்டவரின் வீட்டு வாசலுக்கே திரும்பும் என்பதால்தான் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்று தோன்றுகிறது. அவர் போதையில் ஓட்டியிருந்தாலும், அடிபட்டவரைப் போட்டுவிட்டு ஓடியிருந்தாலும், அதுவும் இதே கேள்வியில்தான் தெரியவரும். அப்போது மறுப்பதற்குக் காரணம் கையில் இருக்கும்.

இரக்கம் போலத் தோன்றும் இன்னொரு வழக்கம் இதைவிட மோசமானது. கேஸ் இருக்கிற டிரைவரை எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொண்டு, படியைக் குறைத்து, மற்றவர்கள் மறுக்கும் இரவு லோடையும் பிரேக் பிடிக்காத பழைய வண்டியையும் அவர் தலையில் கட்டுவது. அவரால் எதிர்த்துப் பேச முடியாது. அடுத்த விபத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் உரிமையாளரே கூட்டி வைக்கிறார்.

உடம்பு ஒத்துழைக்கிறதா என்பது தனிக் கேள்வி. லைசென்ஸுக்கான 1ஏ படிவத்தில் மருத்துவர் கையெழுத்திட்டால் காகிதத்தில் எல்லாம் சரி. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் லோடு வண்டியோடு நின்று, நூறு முறை கிளட்சை மிதித்து அங்குலம் அங்குலமாக நகரும்போதுதான் கம்பி வைத்த இடது கால் பேசும். அரசுப் பேருந்து ஓட்டுநர் பணிக்காலத்தில் ஊனமுற்றால் அவரை நீக்கக் கூடாது, வேறு பணி தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. தனியார் லாரி ஓட்டுநருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே முடியாத காலோடும் "முடியும்" என்றே அவர் சொல்வார். அந்தப் பொய்க்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

இறந்தவரின் வீட்டாரை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. அவர்கள் மன்னிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேலை கொடுப்பது மன்னிப்பும் இல்லை. அவர்கள் சார்பில் மன்னிக்க உரிமையாளருக்கு உரிமையே கிடையாது. ஆனால் ஓட்டுநர் பட்டினி கிடப்பதால் அந்த வீட்டுக்கு ஒரு பிடி அரிசியும் வரப்போவதில்லை. அவரை அந்த ஊர் வழியாக அனுப்பாமல் இருக்கலாம். அந்த மரியாதை அவர்களுக்கு உண்டு.

மீண்டும் ஓட்ட வருபவருக்குச் சில மாதங்கள் பகல் நடை மட்டும் கொடுக்கலாம்; பக்கத்தில் அனுபவமுள்ள இன்னொரு ஓட்டுநர் உட்காரலாம்; சம்பளம் மட்டும் முழுதாக இருக்க வேண்டும். இரட்டைச் சம்பளத்தை ஒரே ஒரு லாரி வைத்திருப்பவர் தாங்க மாட்டார். நெல்லை நகர்த்தும் ஒப்பந்ததாரரும், அவருக்கு வாடகை தரும் நுகர்பொருள் வாணிபக் கழகமும் இந்தச் செலவை வாடகையிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும். வரிசையில் இரண்டு நாள் காக்க வைத்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு.