பொறியும் விறகும்

காடு ஒன்று எரிந்து போனால், "யார் தீ வைத்தது?" என்று கேட்கிறோம். அக்கேள்வி இயல்பானது, நீதிக்கு வேண்டியதுங்கூட. ஆயினும் அது பாதிக் கேள்வியே. பொறி விழுந்ததால் காடு எரிந்தது என்பது உண்மை. அதே பொறி ஈரத்தரையில் விழுந்திருந்தால் அவிந்து போயிருக்கும் என்பதும் உண்மை. ஆதலின், எரிவதற்குரிய பொருளை அங்கே சேர்த்தவர் யார், அது சேர்வதைக் கண்டும் வாளாவிருந்தவர் யார் என்னும் மறுபாதிக் கேள்வியும் உண்டு. முதற் கேள்வி ஒரு நாளைப் பற்றியது. இரண்டாவது பல ஆண்டுகளைப் பற்றியது. முதற் கேள்விக்குக் காவல் நிலையத்தில் விடை கிடைக்கலாம். இரண்டாவது கேள்விக்கு நம் மனச்சான்றுதான் விடை கூற வேண்டும்.

வள்ளுவர் குற்றங்கடிதல் அதிகாரத்தில், வருமுன் காவாதவனின் வாழ்வை வைக்கோற்போருக்கு ஒப்பிடுகிறார். ஈண்டு ஒன்றை நாம் கருத வேண்டும். அவர் அவ்வாழ்வை நெருப்புக்கு ஒப்பிடவில்லை. நெருப்பின் முன் நிற்கும் போருக்கே ஒப்பிட்டார். நெருப்பு எங்கிருந்தும் வரலாம். அது வரும் வேளையில் நாம் எந்நிலையில் இருக்கிறோம் என்பதே அறிவுடையோர் எண்ண வேண்டியது.

செபராங் ஜெயாவில் வாழும் நம்மில் பலர் காட்டுத்தீயைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அதன் புகை நம் வீட்டுக்குள் வந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், சுமத்திராவில் எரியும் நிலத்தின் புகை மலாக்கா நீரிணையைக் கடந்து வருகிறது. அந்நாள்களில் பினாங்குப் பாலத்தின் அக்கரை தெரிவதில்லை. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளித் திடலில் விளையாட்டு நிற்கும். 200ஐத் தாண்டினால் பள்ளியே மூடப்படும். 2019 செப்டம்பரில் நாட்டின் பல மாநிலங்களில் அவ்வாறு பள்ளிகள் மூடப்பட்டன. அதற்கு முன்னும் 1997இல் சரவாக்கிலும், 2005இல் கிள்ளான் துறைமுகம், கோல சிலாங்கூர் ஆகிய இடங்களிலும், 2013இல் மூவார், லேடாங் ஆகிய இடங்களிலும் புகைமூட்டத்திற்காகவே நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஈளைநோய் உடைய பிள்ளைக்கும், வெயிலில் நின்று கூலி வேலை செய்யும் தகப்பனுக்கும் இது வெறும் செய்தி அன்று, மூச்சு.

இப்புகை பெரும்பாலும் மரத்திலிருந்து வருவதன்று, மண்ணிலிருந்து வருவது. மலாய் மொழியில் 'தானா காம்புட்' எனப்படும் மக்குச் சதுப்பு நிலம், நீரில் மூழ்கி முழுதும் மக்காத இலையும் வேரும் கிளையும் படிந்து உண்டானது. ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் அளவே அது வளரும்; ஒரு மீட்டர் ஆழம் சேரப் பல நூறு ஆண்டுகள் வேண்டும். நீர் நிற்கும் வரையில் அது எரியாது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால் அந்த மண்ணே விறகாகிறது. தீ மேலே தோன்றாமல் அடியிலேயே கனன்று கனன்று வாரக்கணக்கில் பரவும். மேலே ஊற்றும் நீர் அதன் வேரைத் தொடுவதில்லை.

இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில் நடந்தது இதற்குத் தக்க சான்று. 1990களின் நடுவில், அதிபர் சுகார்த்தோவின் அரசு சுமார் பத்து லட்சம் எக்டர் நிலத்தை நெல்வயலாக்க முனைந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்திற்கு வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. நெல் விளையவில்லை, நிலம் வறண்டது. 1997இல் எல்நினோ வறட்சி வந்தபோது அந்நிலம் பற்றி எரிந்தது. தீயை மூட்டியவன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. ஆனால் வாய்க்காலுக்கு வரைபடம் வரைந்தவரையும் அதற்கு ஒப்பமிட்டவரையும் எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது? அவர்கள் கையில் தீக்குச்சி இல்லையே!

பிறநாட்டைப் பழித்து நம்மை நாமே மெச்சிக்கொள்வதற்கும் இடமில்லை. சிலாங்கூரின் வடபகுதியில், பெஸ்தாரி ஜெயாவுக்கும் தஞ்சோங் காராங்குக்கும் இடையில் ராஜா மூசா காப்புக்காடு உள்ளது. இது அரசு நிலம், பொதுமக்களின் உடைமை. வெட்டிய மரங்களை வெளியே கொண்டுவருவதற்காக முற்காலத்தில் அக்காட்டில் வாய்க்கால்கள் தோண்டப்பட்டன. மரம் போயிற்று, அதே வாய்க்கால் வழியாக நீரும் போயிற்று. 1990இல் அது காப்புக்காடு என அரசிதழில் வெளியாயிற்று. எனினும் தாளில் எழுதிய காப்பு மண்ணை நனைக்கவில்லை. தீ மீண்டும் மீண்டும் வந்தது. 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் உலகளாவிய சுற்றுச்சூழல் மையமும் வேறு வழியில் பணியாற்றத் தொடங்கின. மண்ணாலும் மரத்தாலும் தடுப்புகள் எழுப்பி, வாய்க்கால்களை அடைத்து, நீரைக் காட்டுக்குள்ளேயே நிறுத்தினர். சுற்றுவட்டார மக்களும் மாணவர்களும் அங்கே மரக்கன்று நட்டனர். தீயணைப்பு வண்டியின் ஓசை நாடெங்கும் கேட்கும். வாய்க்காலை அடைக்கும் மண்வெட்டியின் ஓசை யார் செவியிலும் விழாது. ஆயினும் அக்காட்டுக்கு மண்வெட்டி செய்த நன்மையே நெடிது நிற்பது.

நம் இனத்தின் வரலாறும் இக்கதைக்குப் புறம்பானதன்று. காட்டை வெட்டி, காய வைத்து, எரித்து, சாம்பலின் மேல் கன்று நடுவதே அக்காலத்தில் தோட்டம் போடும் முறை. துரைமார் ஆணையிட்டனர், கூலிக்கு வந்த கைகள் பணி செய்தன. அக்கைகளில் நம் முன்னோர் கைகளும் இருந்தன. வயிற்றுக்காகத் தீயிட்டவனையும் இலாபத்துக்காகத் தீயிடச் சொன்னவனையும் ஒரே தராசில் நிறுத்துவது அறமாகாது. 1998ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், திறந்தவெளியில் எரிப்பதற்கு ஐந்து லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதித்தது. அது வேண்டிய சட்டமே. ஆனால் சட்டம் பொறியைப் பிடிக்கும், விறகைப் பிடிக்காது.

மக்குச் சதுப்பு நிலத்தைக் காப்பது நீர். வறண்ட இலையுதிர் காட்டிலோ அந்தப் பணியைச் சிறு தீயே செய்து வந்தது. இது கேட்பதற்கு முரணாகத் தோன்றும். தமிழகத்துச் சத்தியமங்கலத்தை ஒட்டி, கர்நாடகத்தில் பிலிகிரி ரங்கன் மலை உள்ளது. அங்கே வாழும் சோளகர், கோடையின் தொடக்கத்திலேயே தரையில் கிடக்கும் சருகுக்குத் தீயிடுவது வழக்கம். அது முழங்கால் உயரத் தீ. புல்லையும் சருகையும் தின்றுவிட்டு அவிந்துவிடும். நெல்லி மரத்தைப் பற்றும் புல்லுருவியும் அதனால் கட்டுப்பட்டது என்பர் அம்மக்கள். 1974இல் அம்மலை வனவிலங்குச் சரணாலயமாயிற்று, தீயிடுதல் தடுக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் பின்னாளில் உண்ணிச்செடி புதர் புதராகப் பெருகி, காட்டின் அடித்தளத்தை மூடியது. சிறு தீ நின்றதும் இதற்கு ஒரு காரணம் என்று சோளகர் கூறுகின்றனர்; ஆய்வாளர் சிலரும் அதனை ஏற்கின்றனர். உண்ணிச்செடி மண்டிய காட்டில் வரும் தீ முழங்காலோடு நிற்பதில்லை.

அமெரிக்க நாடு இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொண்டானா மாநிலங்களில் இரண்டே நாளில் சுமார் 12 லட்சம் எக்டர் எரிந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த அச்சத்திலிருந்து ஒரு கொள்கை பிறந்தது. எந்தத் தீயாயினும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைத்தாக வேண்டும் என 1935இல் அந்நாட்டு வனத்துறை விதித்தது. வீரமும் கடமையுணர்வும் நிறைந்த விதி அது. ஆனால் சிறு தீ ஒவ்வொன்றையும் அணைக்க அணைக்க, எரியாத சருகும் புதரும் ஆண்டுதோறும் குவிந்தன. வெற்றியே விறகாயிற்று. 1970களில் அந்நாடு அவ்விதியைக் கைவிட்டது. முன்கூட்டித் திட்டமிட்டுச் சிறு தீயிடும் முறையை மேற்கொண்டது.

இங்கேதான் அறவினா கடினமாகிறது. 2022 ஏப்ரலில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாந்தா பே தேசியக் காட்டில், பெருந்தீயைத் தடுப்பதற்காக வனத்துறையே இட்ட சிறு தீ காற்றில் கைமீறியது. சனவரியில் எரித்து அணைந்ததாகக் கருதிய விறகுக் குவியல் ஒன்று, பனிக்கு அடியில் மாதக்கணக்கில் கனன்று அதே ஏப்ரலில் வெளிப்பட்டது. இரண்டும் ஒன்றாகி, ஏறத்தாழ 1,38,000 எக்டரை எரித்தன. நூற்றுக்கணக்கான வீடுகள் அழிந்தன. காப்பதற்கென இட்ட தீயே அம்மாநில வரலாற்றின் மிகப் பெரிய தீயாயிற்று. வீடிழந்த முதியவரிடம் சென்று, "உங்களைக் காக்கவே தீயிட்டோம்" என்று யார் சொல்ல முடியும்?

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதே மேலோ? சிலர் அவ்வாறே எண்ணுவர். தீயிட்டுக் கேடு விளைந்தால் பழி வரும். தீயிடாமல் கேடு விளைந்தால் அது இயற்கையின் சீற்றம் எனப்படும். தீ கைமீறிய அதிகாரி விசாரணைக்கு நிற்பார். இருபது ஆண்டுகள் சருகு குவிய விட்ட அதிகாரி மாலை மரியாதையோடு ஓய்வு பெறுவார். செய்ததற்குப் பெயருண்டு, செய்யாமைக்குப் பெயரில்லை. இதுவே பொதுப்பணியில் இருப்போரைப் பற்றும் பெரிய மயக்கம். செய்யத்தகாததைச் செய்தல் கேடு என்று அறிந்துள்ளோம். செய்யத்தக்கதைச் செய்யாமையும் அதே அளவு கேடு என்பதனை வள்ளுவரும் கூறியிருக்க, நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

ஆயினும், செய்பவன் எதையும் செய்யலாம் என்பதன்று என் கருத்து. ஆபத்தான கருவியை நன்மைக்காக எடுப்பவனுக்குக் கடமை இரட்டிப்பாகிறது. காற்றின் திசை, சருகின் ஈரம், அணைக்கும் ஆள்களின் தொகை ஆகிய யாவற்றையும் அவன் அளந்தறிய வேண்டும். ஒன்று பொருந்தாவிடினும் நிறுத்திவிடும் துணிவு அவனுக்கு வேண்டும். நாள் குறித்துவிட்டோமே என்று தொடரலாகாது. பக்கத்து ஊராரிடம் முன்னரே சொல்ல வேண்டும். தவறினால் இழப்பை ஈடு செய்ய வேண்டும். அமெரிக்க வனத்துறை அத்தீக்குப் பின்னர் திட்டமிட்ட தீயிடுதலை 90 நாள் நிறுத்தி, முறைகளை ஆராய்ந்து, பின்னர் மீண்டும் தொடங்கியது. அரசு இழப்பீட்டுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. கடமையைக் கைவிடாமல் தவற்றை ஏற்கும் இந்நெறி நாம் கருதத்தக்கது.

இன்னொரு தடையும் எழுப்பப்படலாம். "விறகைச் சேர்த்தவர் அனைவரும் பொறுப்பென்றால், எவருமே பொறுப்பில்லை என்று ஆகாதா? தீ வைத்தவன் தப்பிவிட மாட்டானா?" என்று கேட்பர். ஈண்டுப் பழி என்பதையும் பொறுப்பு என்பதையும் வேறு பிரித்துக் காண வேண்டும். பழி என்பது நடந்து முடிந்ததை நோக்குவது. அது செய்தவனையே சேரும். பொறுப்பு என்பது இனி நடக்கப் போவதை நோக்குவது. அது செய்ய வல்லவர் அனைவரையும் சேரும். சோற்றைப் பத்துப் பேருக்குப் பகிர்ந்தால் ஒருவர் பங்கு குறையும். பொறுப்பைப் பத்துப் பேர் பகிர்ந்தாலும் ஒருவர் பங்கும் குறைவதில்லை. தீ வைத்தவனைத் தண்டிப்போம். ஆனால் அவன் சிறைக்குப் போன பின்னும் வாய்க்கால் திறந்தே கிடக்கிறது என்பதை மறவாதிருப்போம்.

ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இவ்வுண்மை புதிதன்று. பள்ளியை இடையில் விட்டுப் போன மாணவனைப் பற்றி ஊர் பேசும், கூட்டம் கூடும், யார் குற்றம் என்று ஆராயும். ஆனால் தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு மாலையில் நடந்து சென்று, தாயிடம் நான்கு சொல் பேசி, மறுநாள் வகுப்புக்கு வரச் செய்த ஆசிரியையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏனெனில் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமற் செய்ததே அவர் செய்த பணி. அதற்குச் சான்றிதழ் இல்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு சிறு கோடுதான் உண்டு.

காட்டைக் காப்போர் நிலையும் இதுவே. தமிழக வனங்களில் கோடைக்கு முன் சாலையோரப் புல்லை அறுத்து எரித்துத் தீத்தடுப்புக் கோடு அமைக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர் பலர் குறைந்த கூலிக்கு உழைக்கும் பழங்குடியினர். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் தீ பற்றி, மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டவர் இறந்தபோது நாடே கலங்கியது. அவ்வாறு கலங்கும் உள்ளம் நல்லுள்ளமே. ஆனால் தீ வராத ஆண்டுகளில் அந்தக் காவலரை நாம் நினைத்ததுண்டா? அரசுகளும் அவ்வாறே. எரியும் தீக்கு எப்பாடுபட்டேனும் பணம் தேடித் தருவர், எரியாத காட்டுக்குப் பணம் கேட்டால், "அங்கேதான் ஒன்றும் நடக்கவில்லையே!" என்பர்.

எனவே நாம் கேட்கும் கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டும். புகை சூழ்ந்த நாளில் மட்டும் முகக்கவசம் கட்டிக்கொண்டு, "யார் தீ வைத்தது?" என்று சினப்பதால் பயனில்லை. மழை பெய்து வானம் தெளிந்திருக்கும் நாளில், "இவ்வாண்டு எத்தனை வாய்க்கால் அடைக்கப்பட்டது? நீர்மட்டம் எங்கே நிற்கிறது? அதனைக் காக்கும் ஆள்களுக்குக் கூலி கிடைத்ததா?" என்று கேட்கப் பழக வேண்டும். வாக்களிக்கும் குடிமக்கள் கேட்காத கேள்விக்கு எந்த அரசும் விடை கூறுவதில்லை. நம் பிள்ளைகளுக்கும், தீயை அணைத்த வீரரின் கதையோடு தீ வராமற் செய்த உழைப்பாளியின் கதையையும் சேர்த்துச் சொல்லித் தருவோம். பின்னதைச் சொல்வது சற்றுக் கடினம். ஏனெனில் அக்கதையில் சுடரும் இல்லை, ஓசையும் இல்லை. ஆனால் அவர்கள் நாளை மூச்சு விடப்போவது அக்கதையில் வரும் மனிதர்களால்தான்.