ஊதச் சொல்வதற்கு முன்

ஊசி என்றால் முகம் சுளிப்பவர்கள்கூட ஊதச் சொன்னால் தயங்குவதில்லை. வலியில்லை, ரத்தமில்லை, ஆடை களைய வேண்டியதில்லை. மூச்சைக் கொண்டு நோயறியும் முறையை மக்கள் விரும்பி ஏற்பதற்கு இதுவே முதற்காரணம். ஆனால் வலிக்காத சோதனைக்குச் சம்மதம் கேட்கத் தேவையில்லை என்ற எண்ணமும் இந்த எளிமையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதை ஏற்க முடியாது.

வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான சோதனையில் சிக்கல் அதிகமில்லை. நோயாளி வெறும் வயிற்றோடு வந்து ஒரு பையில் ஊதுகிறார். அடையாளமிட்ட கார்பன் கொண்ட யூரியாக் கரைசலைக் குடித்துவிட்டு, சற்று நேரம் காத்திருந்து மறுபடி ஊதுகிறார். கிருமி இருந்தால் அது யூரியாவை உடைக்க, அந்தக் கார்பன் மூச்சில் வந்துவிடும். எதற்கு ஊதுகிறோம் என்று அவருக்குத் தெரியும். கிருமிக்கு மருந்தும் உண்டு.

நோயென்று சொல்லாதவரையும் வாசலில் நிறுத்தி ஊதச் சொல்வது வேறு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 ஏப்ரலில் ஒரு கோவிட் மூச்சுப் பரிசோதனைக்கு அவசர அனுமதி தந்தது. ஆய்வில் அது தொற்றுள்ளவர்களில் 91.2 சதவீதத்தினரையும் தொற்றில்லாதவர்களில் 99.3 சதவீதத்தினரையும் சரியாகக் காட்டியது. 10,000 பேரில் 50 பேருக்கே தொற்று இருக்கும் இடத்தில் அதே கருவி சுமார் 46 பேரைக் கண்டுபிடிக்கும். தொற்றே இல்லாத 70 பேர் வரையும் அதில் மாட்டுவார்கள். தொற்று என்று காட்டினால் வேறொரு சோதனையால் உறுதிசெய்ய வேண்டும் என்று நிர்வாகமே சொன்னது அதனால்தான். தினக்கூலிக்குப் போகிறவரை அந்த முதல் முடிவை வைத்தே திருப்பி அனுப்புவது அநியாயம்.

இன்னும் கடினமான கேள்வி இங்கிலாந்தில் எழுகிறது. குழந்தை இறந்து பிறப்பதைக் குறைக்க 2016-இல் அங்கே வந்த திட்டத்தின்படி, கர்ப்பிணிகள் எல்லோரின் மூச்சிலும் கார்பன் மோனாக்சைடு அளக்கப்படுகிறது. கையடக்கக் கருவியைச் செவிலியர் நீட்டுகிறார். தாய் 15 விநாடி மூச்சைப் பிடித்திருந்து மெல்ல ஊதுகிறாள். பத்து லட்சத்தில் 4 பங்கு அல்லது அதற்கு மேல் என்றால், புகைப்பழக்கத்தை விட உதவும் பிரிவுக்கு அவளை அனுப்பச் சொல்கிறது வழிகாட்டி நெறி.

புகைப்பதில்லை என்று சற்றுமுன்தான் அவள் சொல்லியிருக்கலாம். கூட வந்தவருக்குப் பயந்து மறைத்திருக்கலாம். உண்மையாகவே புகைக்காதவளாகவும் இருக்கலாம். வீட்டில் பிறர் விடும் புகை, பழுதான எரிவாயுக் கொதிகலன், ஏன், பால் ஒத்துக்கொள்ளாத உடல்வாகுகூட அந்த எண்ணை ஏற்றிவிடும். கொதிகலன்தான் காரணம் என்றால் அந்த எண் குடும்பத்தையே காப்பாற்றும். அதையே குற்றப்பத்திரிகையாக நீட்டினால் அடுத்த தடவை அவள் வராமலே போகலாம்.

சிசுவுக்காகத் தாயின் பொய்யை உடைத்தால் என்ன என்பார்கள். சிசுவின் நலன் பெரிதுதான். ஆனால் தாயின் நம்பிக்கையை இழந்தபின் அந்தச் சிசுவுக்கு உதவ வேறு வழி இருக்காது. ஆகவே சோதனை தொடரட்டும். கருவியை எடுக்குமுன் கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்ல வேண்டும். எதை அளக்கிறோம், எண் எங்கே பதிவாகும், வேறு எவற்றால் அது ஏறும் என்று விளக்க வேண்டும். அவள் வேண்டாம் என்றால் கருவியை மேசையில் வைத்துவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்கத் தொடங்கலாம்.